எந்த அலன் கீ செற் வாங்கலாம்?

சித்தியின் மகன் வருகிற செப்டெம்பரில் வோட்டர்லூவுக்குப் படிக்கப் போகிறான். முதல் முறையாக வீட்டை விட்டுத் தனி அறை. போன கிழமை எனக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்றில் முப்பது அலன் கீ, விலை 12 டொலர். மற்றதில் ஒன்பதே ஒன்பது, விலை 26 டொலர். கீழே ஒரு வரி: "அக்கா, முப்பதை விட ஒன்பது ஏன் கூட விலை? நான் முப்பதை வாங்கப் போறன், சரிதானே?"

"ஒன்பதை வாங்கு" என்று இரண்டே சொல்லில் பதில் எழுதினேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். அவன் கட்டாயம் "ஏன்?" என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்வதென்றால், நான் மூன்று வருடமாக அதிகம் பேருக்குச் சொல்லாத ஒரு கதையைச் சொல்லவேண்டும். அவனுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் பலர் இப்போது அவன் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறீர்கள். முதல் அறை, முதல் மேசை, முதல் கட்டில். எல்லாம் தட்டையான பெட்டியில் வரும். எல்லாவற்றையும் நீங்களே பூட்டவேண்டும்.

அலன் கீ எது என்று தெரியாதவர்களுக்கு: ஆங்கில எழுத்து 'எல்' போல வளைந்த, ஆறு பக்கம் உள்ள இரும்புக் கம்பி. போல்ட்டின் தலையில் ஆறு மூலைக் குழி இருக்கும். அதற்குள் விட்டுத் திருப்புவது. கட்டில், கதிரை, சைக்கிள், ட்றெட்மில், கிற்றாரின் கழுத்து, குளியலறைக் குழாயின் கைபிடி என்று வீட்டில் தேடிப் பார்த்தால் இந்தக் குழி இல்லாத மூலை குறைவு.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டபோது பெரிய குழப்பம் வந்தது. ஜேர்மனியில் இருக்கும் மச்சாள் "இன்புஸ்" என்றாள். நோர்வே மச்சான் "உன்பிராக்கோ" என்றான். இத்தாலியில் இருக்கும் பெரியப்பா "புருகோலா" என்று எழுதினார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமா "நீங்கள் எல்லாரும் எதைப் பற்றிக் கதைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு, படத்தைப் பார்த்ததும் "அட, அலன் கீ" என்றார்.

தேடிப் பார்த்தேன். எல்லாமே ஆட்களின் பெயரும் கம்பனிகளின் பெயரும்தான். அலன் என்பவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் இந்த வகைத் திருகாணி செய்யும் முறைக்கு 1910இல் காப்புரிமை பெற்ற வில்லியம் அலன். இன்புஸ் என்பது இந்த வகைத் திருகாணிக்கான ஜேர்மன் சொல்லையும் அதைச் செய்த பவர் - ஷௌர்ட்டே கம்பனியின் பெயரையும் சுருக்கியது.  உன்பிராக்கோ ஓர் அமெரிக்கக் கம்பனியின் வணிகப் பெயராகத் தொடங்கியது. புருகோலா, எகிடியோ புருகோலா என்ற இத்தாலியரின் பெயர். சிதறிப் போன ஒரு குடும்பத்தில் ஒரே சாமானுக்கு நான்கு பெயர். எனக்கு அது பிடித்திருந்தது.

பெயர் வேறாக இருந்தாலும் சாமான் ஒன்று. ஆனால் பார்க்க ஒன்றுபோல இருந்தும் ஒன்றாக இல்லாத விஷயங்களும் உண்டு. அதைத்தான் நான் பிழையாகக் கற்றுக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முந்தி அக்காவின் மகளுக்கு ஐந்து மாதம். என் பெறாமகள். அதுவரை அவள் அக்காவின் அறையில் ஒரு சின்னத் தொட்டிலில் படுத்தாள். உருளத் தொடங்கிவிட்டாள், தொட்டில் இனிக் காணாது. மொன்றியலில் இருக்கும் பெரியம்மாவின் மகள் தன் பிள்ளை படுத்த கட்டிலைக் கழற்றி அனுப்பியிருந்தா. நல்ல மரம், நான்கு பக்கமும் கம்பி அடைப்பு. பலகைகள் எல்லாம் ஒரு போர்வையில் சுற்றி, போல்ட்டுகள் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில். விளக்கத் தாள் இல்லை. அதோடு வந்த சாவியும் இல்லை. இரண்டு வீடு மாறிய சாமான், எங்கோ விழுந்திருக்கும்.

"நான் பூட்டித் தாறன்" என்று நானே கேட்டு வாங்கினேன். அக்காவும் அத்தானும் நித்திரை இல்லாமல் களைத்துப் போயிருந்தார்கள். சின்னம்மா என்று நான் ஏதாவது செய்யவேண்டாமா?

போகிற வழியில் ஒரு மலிவுக் கடையில் மூன்று டொலருக்கு ஒரு அலன் கீ செற் வாங்கினேன். எட்டுச் சாவி, ஒரு பிளாஸ்டிக் பிடியில். அளவைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. அலன் கீ என்றால் அலன் கீ தானே.

ஏஜக்ஸில் அக்கா வீட்டு மேல் அறையில், பின்னேரம் ஏழு மணிக்குத் தொடங்கினேன். ஒவ்வொரு சாவியாகக் குழிக்குள் விட்டுப் பார்த்து, கிட்டத்தட்டச் சரியாக நின்ற ஒன்றை எடுத்தேன். கொஞ்சம் ஆடியது. ஆனால் திருப்பியது. முதல் மூன்று மூலையும் சரியாக வந்தன. நான்காவது மூலையில் மரத்தின் ஓட்டையும் உள்ளே இருந்த நட்டும் நேராக நிற்கவில்லை. இறுக்கமாக இருந்தது. நான் பலத்தைக் கூட்டினேன். ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு சாவி இலகுவாகச் சுற்றியது, போல்ட் அசையவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன். ஆறு மூலைக் குழி வட்டமாகியிருந்தது. சாவியின் நுனியும் மழுங்கியிருந்தது.

போல்ட் முழுதாக இறுகவும் இல்லை, கழற்றவும் முடியாது. கட்டிலைப் பிடித்து ஆட்டினேன். அந்த மூலை மட்டும் ஒரு மயிரிழை அசைந்தது.

நான் செய்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. போல்ட்டுகளின் தலையை மறைக்கச் சின்ன வெள்ளை பிளாஸ்டிக் மூடிகள் டப்பாவில் இருந்தன. நான்கு மூலைக்கும் நான்கு மூடி போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. கீழே போனேன். அக்கா கேட்டா: "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"பலமா நிக்குதா?"

"ஓம் அக்கா."

சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் இரவுதான் பிள்ளையை அந்தக் கட்டிலில் படுக்க வைப்பதாக இருந்தார்கள்.

பதினொரு மணிக்கும் நித்திரை வரவில்லை. 'ஒரு மயிரிழைதானே, மற்ற மூன்று மூலையும் பிடிக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்தப் பிள்ளை எழும்பி நிற்கப் பழகும் நாளை நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். பலகைக்கும் தூணுக்கும் நடுவில் விரல் போகும். அதைவிடக் கூடவும் நடக்கலாம்.

அப்பாவுக்கு எடுத்தேன்.

"அப்பா, ஒரு போல்ட் வழுக்கிப்போச்சு."

"எந்தப் போல்ட்?"

"பிள்ளைக் கட்டிலின்ரை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பிள்ளை இப்ப எங்கை படுத்திருக்கு?"

"சின்னத் தொட்டிலிலைதான். நாளைக்குத்தான் இதிலை போடுறதாம்."

"சரி. காலமை வாறன். நீ இப்ப அக்காவுக்குச் சொல்லு."

"இப்ப பதினொரு மணி அப்பா. நித்திரையா இருப்பினம்."

"எழுதி அனுப்பு. அனுப்பிப்போட்டுப் படு."

அனுப்பினேன். அக்கா விழித்திருந்தா. பால் கொடுக்கும் நேரம். திரும்பி வந்த பதில் ஒரே வரி: "மூடியைப் போட்டனியா?" அதற்கு நான் பதில் எழுதவில்லை.

அடுத்த நாள் காலை அப்பா ஒரு பழைய பிஸ்கற் தகரத்தோடு வந்தார். அதற்குள் அவருடைய அலன் கீகள். அப்பா கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். ஒரு சாமான் வார்த்து முடிந்தால், பெரிய இரும்பு அச்சைக் கழற்றி அடுத்த அச்சைப் பூட்டவேண்டும். அச்சுகளைப் பிடித்து வைத்திருப்பது இந்த ஆறு மூலைப் போல்ட்டுகள்தான். அமெரிக்க இயந்திரம் அங்குலக் கணக்கில், ஐரோப்பிய, யப்பான் இயந்திரங்கள் மில்லிமீற்றரில். அதனால் அப்பா தன் சாவிகளுக்கு நிற நாடா சுற்றியிருந்தார். மில்லிமீற்றருக்குச் சிவப்பு, அங்குலத்துக்கு நீலம். நான் சின்ன வயதில் அதை அழகுக்குச் சுற்றியது என்று நினைத்திருந்தேன்.

மூடியைக் கழற்றி, தொலைபேசி வெளிச்சத்தில் குழியைப் பார்த்தார். பிறகு என்னுடைய மூன்று டொலர் செற்றைக் கையில் எடுத்துப் படித்தார்.

"இதிலை என்ன எழுதியிருக்கு?"

"3/16."

"உது அங்குலக் கணக்கு. இந்தப் போல்ட்டுக்கு 5 மில்லிமீற்றர் வேணும். ரெண்டும் கிட்டக்கிட்ட வரும். ஆனா ரெண்டும் ஒண்டில்லை."

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 3/16 அங்குலம் என்றால் 4.76 மி.மீ. குழி 5 மி.மீ. வித்தியாசம் 0.24 மி.மீ. உங்கள் பிறிண்டரில் இருக்கும் தாள் இரண்டை ஒன்றாக வைத்தால் வரும் தடிப்பு அவ்வளவுதான். ஆனால் அந்த இடைவெளியில் சாவி முதலில் சற்றுத் திரும்பி, பிறகுதான் குழியின் சுவரைத் தொடும். அப்போது அதன் பக்கங்கள் சுவரோடு படிந்து நிற்காது. ஆறு மூலை விளிம்புகள் மட்டும் சுவரைக் குத்தும். உங்கள் கையின் முழுப் பலமும் அந்த ஆறு மெல்லிய கோட்டில் விழுகிறது. இரும்பு அங்கே நசிந்து வழுக்குகிறது.

இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. 5/32 அங்குலம் 3.97 மி.மீ. அது 4 மி.மீ. குழியில் நன்றாகவே நிற்கும். 5/16 அங்குலம் 7.94 மி.மீ. அதுவும் 8 மி.மீ. குழியில் நிற்கும். இரண்டு முறை சரிவந்தால் எல்லா முறையும் சரிவரும் என்று நினைப்போம். மூன்றாவது முறை போல்ட் போய்விடும்.

கனடாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடவே பிறந்தது. வேகப் பலகைகளை 1977இல் கிலோமீற்றருக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் என் உயரத்தை யாராவது கேட்டால் நான் இன்றும் அடியில்தான் சொல்வேன். வெளியே குளிர் செல்சியஸில், அடுப்பின் வெதுப்பி ஃபரன்ஹைட்டில். மலிவுக் கடைச் சாவி அங்குலத்தில், கட்டில் மில்லிமீற்றரில்.

அப்பா குழிக்குள் இருந்த இரும்புத் தூளைத் தட்டி எடுத்தார். நட்சத்திர வடிவமுள்ள டோர்க்ஸ் முனை ஒன்றை, குழியை விடச் சற்றுப் பெரியதாகப் பார்த்து எடுத்து, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே இறுக்கினார். என்னைக் கட்டிலை அசையாமல் பிடிக்கச் சொன்னார். முதல் முறை வழுக்கியது. இன்னும் இரண்டு தட்டு. இரண்டாம் முறை போல்ட் கிறீச் என்று திரும்பியது. கழற்றி என் கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"புதுசு வாங்கிக்கொண்டு வரட்டே?" என்று கேட்டேன். ஹோம் ஹார்ட்வெயார் பத்து நிமிடம்தான்.

"கதிரையெண்டா வாங்கலாம். பிள்ளைக் கட்டிலுக்கு அவையின்ரை போல்ட்தான் போடவேணும். நீளம், தலை, எல்லாம் அதுக்கெண்டு கணக்குப் பண்ணிச் செய்தது."

கட்டிலின் அடியில் ஒட்டியிருந்த தாளில் மாதிரி இலக்கம் இருந்தது. அதை வைத்து விளக்கத் தாளைத் தேடி எடுத்தோம். அந்த மாதிரியைத் திரும்பப் பெற்றிருக்கிறார்களா என்று ஹெல்த் கனடாவின் பட்டியலிலும் பார்த்தோம், இல்லை. செய்த கம்பனிக்கு எழுதி, போல்ட்டுகள் முழுவதையும் புதிதாக எடுப்பித்தோம். வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பிள்ளை அந்த நெருக்கமான சின்னத் தொட்டிலிலேயே படுத்தாள், அக்கா இரவில் பல தடவை எழும்பிப் பார்த்தா.

அக்கா போல்ட்டுக்காக என்னோடு கோபிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னா: "பழுதாப்போறது எல்லாருக்கும் நடக்கும். நீ ஏன் மூடினனி?" என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

முப்பது சாவி செற்றில் பெரும்பாலும் பாதி அங்குலம், பாதி மில்லிமீற்றர். அந்த மில்லிமீற்றர் பாதியிலும் 0.7, 0.9, 1.3 என்று ஊசி போன்ற சாவிகள் இருக்கும். அவை எண்ணிக்கையைக் கூட்டத்தான் உதவும். நீங்கள் ஒருநாளும் தொடமாட்டீர்கள். ஒன்பது சாவி மில்லிமீற்றர் செற்றில் வழக்கமாக இருப்பவை 1.5, 2, 2.5, 3, 4, 5, 6, 8, 10. வீட்டுக்கு இது காணும்.

ஏன் காணும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. போல்ட்டின் தடிப்புக்கும் குழியின் அளவுக்கும் சர்வதேசக் கணக்கு ஒன்று உண்டு. உருளைத் தலைப் போல்ட்டில் 4 மி.மீ. தடிப்புக்கு 3 மி.மீ. சாவி, 5 தடிப்புக்கு 4, 6 தடிப்புக்கு 5, 8 தடிப்புக்கு 6, 10 தடிப்புக்கு 8. குமிழ் போன்ற வட்டத் தலை என்றால் ஒரு படி குறையும்: 6 மி.மீ. தடிப்புப் போல்ட்டுக்கு 4 மி.மீ. சாவி. தளபாடத்தில் அதிகம் தேவைப்படுவது 4, 5. சைக்கிளில் 4, 5, 6. சில சைக்கிள் மிதிகளுக்கு 8. ஆகவே நீங்கள் காசு கொடுப்பது உண்மையில் இந்த நாலு சாவிக்கு. அந்த நாலும் நல்லதாக இருந்தால் போதும்.

கடையில் எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் நுனி. வெட்டு நேராக, ஆறு மூலையும் கூர்மையாக இருக்கவேண்டும். புதுச் சாவியின் மூலையே உருண்டு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டாவது, அளவு சாவியிலேயே பொறித்திருந்தால் நல்லது. பிடியில் மட்டும் எழுதியிருந்தால், சாவிகள் பிடியை விட்டு வந்தபிறகு தடுமாறுவீர்கள். மூன்றாவது, நீளம். நீண்ட கை உள்ள சாவி குறைந்த பலத்தில் அதிகம் திருப்பும், ஒடுங்கிய மூலைக்குள்ளும் எட்டும். நான்காவது, இரும்பு. 'குரோம் வனேடியம்' அல்லது 'எஸ்2' என்று எழுதியிருப்பது நல்ல அறிகுறி. ஆனால் எழுத்து மட்டும் உறுதி இல்லை, நுனியையும் பாருங்கள்.

நீண்ட கையின் நுனி உருண்டை போல இருக்கும் சாவிகளும் உண்டு. அந்த வடிவத்தால் பெயர் பெற்றது அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கும் பொண்டஸ் கம்பனி. சாவியைச் சுமார் 25 பாகை சாய்த்துப் பிடித்தும் திருப்பலாம். நேராக விடமுடியாத இடத்துக்கு அருமையானது. ஆனால் உருண்டையின் கழுத்து மெல்லியது. விரைவாகச் சுற்ற மட்டும் அதைப் பாவியுங்கள். கடைசி இறுக்கலுக்கும் முதல் இளக்கலுக்கும் மறுபக்கத்து நேர் நுனிதான்.

ஜேர்மனியின் வேரா, வீஹா, சுவிற்சர்லாந்தின் பிபி போன்றவை மிக நல்லவை. விலையும் அப்படித்தான். தினமும் சைக்கிள் திருத்துகிறவர் அதை வாங்கலாம். வருடத்தில் பத்துத் தடவை திருப்புகிற நமக்கு நடுத்தர விலையில் ஒரு ஒழுங்கான செற் போதும்.

அங்குலச் சாவி தேவையே இல்லையா? ஐரோப்பாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு அநேகமாக இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் சில குழாய்க் கைபிடிகள், பழைய உடற்பயிற்சி இயந்திரங்கள், பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே இருக்கும் கழிவு அரைப்பான் ஆகியவற்றுக்குத் தேவைப்படும். தேவை வரும்போது தனியாக வாங்கி, தனி இடத்தில் வையுங்கள். ஒரே பெட்டியில் போடுவதாக இருந்தால் அப்பாவைப் போல நிறம் அடியுங்கள். நகப்பூச்சும் போதும்.

வாங்கினால் மட்டும் போதாது. குழிக்குள் தூசி, பெயின்ற், தும்பு இருந்தால் முதலில் ஓர் ஊசியால் கிளறி எடுங்கள். சாவியை அடிவரை அழுத்தி விடுங்கள். அரைவாசி போன சாவிதான் அதிகம் போல்ட்டைக் கெடுக்கிறது. ஆடினால் நிறுத்துங்கள், அது பிழையான அளவு. குழியை நன்றாகப் பாருங்கள். ஆறு இதழ் நட்சத்திரம் என்றால் அது டோர்க்ஸ், நாலு மூலை என்றால் கனடாவின் றொபேட்சன். அவற்றுக்குள் அலன் கீயை விடவேண்டாம். எல்லாப் போல்ட்டையும் முதலில் பாதி இறுக்கி, எல்லாம் நேராக நின்ற பிறகு ஒவ்வொன்றாக முழுதாக இறுக்குங்கள். நான் முதல் மூன்று மூலையையும் முழுதாக இறுக்கியதால்தான் நான்காவது ஓட்டை விலகி நின்றது. நான் பிழையான சாவியை மட்டும் எடுக்கவில்லை, ஒழுங்கையும் பிழைத்தேன்.

பலம் போதவில்லை என்று சாவியின் கையில் குழாயை மாட்டி நீட்டவேண்டாம். மின் துளைப்பானில் முனையைப் போட்டு அழுத்திய பலகைத் தளபாடத்தை இறுக்கவேண்டாம், பலகைக்குள் புரி கழன்றுவிடும். ஒரு மாதம் கழித்து எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மரம் அசையும், போல்ட் இளகும்.

இன்னொரு விஷயம் அப்பாவின் தகரத்தில் இருந்து. அவருடைய சாவிகளில் சில மற்றவற்றை விடக் குட்டையாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். நுனி தேய்ந்தால் அரைக்கும் சில்லில் ஓரிரண்டு மில்லிமீற்றரை அரைத்து எடுத்துவிடுவாராம். உள்ளே புது மூலை வரும். அரைக்கும்போது சூடாகி நீலம் பிடிக்கவிடக் கூடாது, பிடித்தால் இரும்பு மெதுமையாகிவிடும். இடையிடையே தண்ணீரில் தோய்க்கவேண்டும். அப்படி அரைத்து அரைத்து அந்தச் சாவிகளை அவர் இன்றுவரை வைத்திருக்கிறார். நல்ல சாவி தேய்ந்தாலும் திரும்பிவரும். என் மூன்று டொலர் சாவியை அரைத்துப் பார்த்தார். அடுத்த போல்ட்டிலேயே மழுங்கியது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். சாவி மூன்று டொலர். புதுப் போல்ட்டுகளுக்குத் தபாலோடு 31 டொலர். அக்காவின் ஒன்பது இரவு. அப்பாவின் ஒரு சனிக்கிழமை. விலை பார்க்கும்போது சாவியின் விலையை மட்டும் பார்த்தேன். அந்தச் சாவி எதைத் தொடப் போகிறது என்று பார்க்கவில்லை.

இந்தக் குழிக்கு முன்னால் இருந்ததைப் பற்றியும் பிறகு வாசித்தேன். நூறு வருடத்துக்கு முந்திய தொழிற்சாலைகளில் சுழலும் தண்டுகளில் திருகாணித் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை வேலையாட்களின் சட்டைக் கையைப் பிடித்து ஆளையே இழுத்தன. தலையை உள்ளே மறைக்கத்தான் இப்படிக் குழி வைத்த திருகாணியைச் செய்தார்கள். அலன் கம்பனி அதைப் 'பாதுகாப்புத் திருகாணி' என்றுதான் விற்றது. அப்பாவிடம் சொன்னேன். "அது தெரியாது, ஆனா நாங்கள் இரவு வேலைக்குச் சட்டைக் கையை மடிச்சுக்கொண்டுதான் போறது" என்றார்.

என் பெறாமகளுக்கு இப்போது மூன்று வயது. அந்தக் கட்டில் அடுத்த பிள்ளைக்காகக் கழற்றி வைத்திருக்கிறது. இந்த முறை கழற்றியது நான்தான். போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு, விளக்கத் தாளையும் ஒரு 5 மி.மீ. சாவியையும் சேர்த்து, பலகையோடு நாடாவால் ஒட்டினேன். மழுங்கிய அந்தப் பழைய போல்ட் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

ஆகவே தம்பி, ஒன்பதை வாங்கு. செப்டெம்பரில் உன் சாமான்களை ஏற்றிக்கொண்டு வரும்போது நானும் வருவேன். மேசையை நீயே பூட்டு, நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதாவது வழுக்கினால் மூடியைப் போடாதே. எத்தனை மணியானாலும் எடு.